200 லிட்டர் பவளத் தொட்டிக்கு எந்த சில்லர் சரி?

கும்பகோணத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, கத்திரி வெயிலில் தண்ணீர் 31 டிகிரி தொடுகிறது, பவளங்கள் வெளுக்கின்றன, எந்த சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால் எச்.பி. (குதிரைத்திறன்) சில்லர் வாங்குங்கள். பத்தில் ஒரு எச்.பி. விலை குறைவுதான், ஆனால் நம்மூர் மே மாதத்தில் அது ஓய்வே இல்லாமல் ஓடும். உள்ளே இருக்கும் குழாய்ச்சுருள் டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு உப்புநீரில் அரித்து, பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

வைக்கும் இடம்தான் ரொம்ப முக்கியம். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் ஊதும். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்தால், தான் விட்ட அனலையே திரும்ப இழுக்கும். முடிந்தால் சுவரில் துளையிட்டுக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், வெயிலும் சாரலும் படாத இடத்தில் வையுங்கள். குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுங்கள். வடிகட்டிய தண்ணீர் மட்டுமே சில்லருக்குள் போகட்டும். சில்லருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பின் வேகம் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கட்டும்.

26 டிகிரி வையுங்கள், ஏற்ற இறக்கம் 1 டிகிரிக்குள் போதும். 31-லிருந்து ஒரே நாளில் இறக்காதீர்கள், தினம் ஒரு டிகிரியாகக் குறையுங்கள்.

அப்புறம், கரண்ட் போனால் தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் அலை பம்பை இன்வெர்ட்டரில் ஓட்டுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, முதலில் மூச்சுத் திணறுவது மீன்கள்தான்.