500 பேருக்கு ஒரு நாளா, 30 பேருக்குத் தினமுமா?

கேள்வி: நாங்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த 6 பேர். சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்குகிறவர்கள் பசியோடு கிடப்பதைப் பார்த்து, பொதுச் சமையற்கூடம் தொடங்க நினைக்கிறோம். மாதம் ஒரு நாள் 500 பேருக்குப் பிரியாணி போடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, செல்லூர்

பதில்: ஒப்பாத மனம் சொல்வதையே கேளுங்கள், சகோதரி. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் உங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு புளியோதரை நீட்டுகிறார்கள். விசேஷம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் யார் நீட்டுகிறார்கள்? ராமநாதபுரத்திலிருந்து தகப்பனைக் கொண்டுவந்து சேர்த்த மகனுக்குத் தினமும்தான் பசிக்கும்.

மதியத்தை விட்டுவிடுங்கள். கோயில் அன்னதானம் பெரும்பாலும் அப்போதுதான், அம்மா உணவகமும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு 30 பேருக்கு, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடுங்கள். சாம்பார் சாதத்துக்கு மூன்றரைக் கிலோ அரிசி போதும். ஆளுக்கு 30 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 900, மாதம் 27,000. உங்கள் சேமிப்பு இரண்டு மாதம் ஓடும், அவ்வளவே. அதற்குள் பிறந்தநாள், திதி என்று நாட்களை ஏற்பவர்களைப் பிடிக்க வேண்டும். அமாவாசைக்கும் ஞாயிறுக்கும் போட்டி போடுவார்கள். சாதாரண நாளை ஏற்பவரே உங்களுக்கு வேண்டியவர். அரிசி மூட்டை கேட்காமலே வந்து இறங்கும். கேஸுக்கும் பாத்திரம் கழுவும் அம்மாவின் கூலிக்கும் பணமாகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வீட்டு சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது, வணிக சிலிண்டர்தான்.

லாபம் இல்லாவிட்டாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தருமச் சமையலையும் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனை வளாகத்துக்குள் போடுவதானால் டீனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சோற்றில்தான் கவனம் வேண்டும். கொதித்தாலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைத்தால் அவை பெருகி வாந்தியைக் கொடுக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மாலை 5 மணிக்கு வடித்து, ஆவி பறக்க 7 மணிக்குள் பரிமாறிவிடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். மண்டபத்திலிருந்து, 'பந்தி முடிந்தது, மிச்சம் இருக்கிறது, வாருங்கள்' என்று அழைப்பார்கள். எப்போது சமைத்தது என்று கேளுங்கள். பதில் இழுத்தால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். வருத்தப்பட்டால் படட்டும்.

கணவரை வரவு செலவு எழுதச் சொல்லுங்கள். 500 பேருக்கு யோசித்தவர், மளிகைக்காரரிடம் மொத்த விலை பேசவும் தோதானவர். சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் எடுப்பதில்லை என்பதை மட்டும் முதல் நாளே அவரிடமும் நன்கொடையாளர்களிடமும் கறாராகச் சொல்லிவிடுங்கள். படம் வேண்டும் என்பவர்களுக்கு அடுப்பையும் அண்டாவையும் காட்டலாம்.