கோதுமையை விட்டும் எடை ஏறுகிறதே!

கேள்வி: சீலியாக் நோய் என்று தெரிந்து கோதுமை, மைதா, ரவை எல்லாம் நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. சாப்பாட்டைக் கூட்டவே இல்லை, ஆனாலும் 9 கிலோ ஏறிவிட்டது. ஏன் டாக்டர்?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, அம்மா. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் பாதிக்கப்படுவதுதான் சீலியாக். அந்தக் குளூட்டனால் தேய்ந்துபோன, சத்தை உள்ளிழுக்கும் சிறுகுடல் உறிஞ்சிகள் மறுபடி வளர்ந்ததும், முன்பு உடம்பில் ஒட்டாமல் போன அதே சாப்பாடு இப்போது முழுசாக ஒட்டுகிறது. அப்புறம், ‘குளூட்டன் ஃப்ரீ’ பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பல பாக்கெட்டுகளில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் எண்ணெயும்தான் முன்னால் நிற்கும், நார்ச்சத்து குறைவு. சுண்டலுக்கு மாறிவிடுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தைராய்டு குறைபாடு, அதுவும் எடையைக் கூட்டும். சீலியாக் உள்ளவர்களுக்கு அந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் வரும், அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உப்பசமும் இருந்தால் பெருங்காய டப்பாவையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம்.