வருஷம் திரும்பவில்லை, பாட்டுக் கேட்கப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 67. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் திண்டுக்கல். சென்ற மார்கழியில் என் மனைவி தவறிவிட்டாள். தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் வைகாசியில் என்னை அமெரிக்காவுக்கு அழைத்து வந்துவிட்டான். நாஷ்வில் நகரம். புதன்கிழமைதோறும் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பொது நூலகத்தில் இறக்கிவிட்டு, மாலையில் வந்து அழைத்துப்போவான்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. நூலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றைப் பார்க்கலாமென்று நடந்தேன். வழியில் பிராட்வே என்ற தெரு. பட்டப்பகல் இரண்டு மணிக்குக் கடைக்குக் கடை கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே கச்சேரி நடக்கிறது. எல்லாமே பார். ஒரு வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். டிக்கெட் கிடையாது, உள்ளே வாருங்கள் என்றார் காவலுக்கு இருந்தவர்.

மேடையில் நான்கு பேர். அதில் ஒருவர் தையல் மிஷின் முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே மேசைபோலக் கால் வைத்த கிட்டார், கீழே மிதிகட்டைகள். இடது கையில் ஓர் இரும்புத் துண்டு. அதைக் கம்பிகள்மேல் இழுக்க இழுக்க, கோட்டு வாத்தியம்போல நாதம் வளைந்து வளைந்து வந்தது. பாட்டில் பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் அழுதுவிட்டேன். மயானத்தில்கூட அழாதவன் நான். பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரப் பெரியவர் ஒன்றும் கேட்காமல் காகிதக் கைக்குட்டைகளை என் பக்கம் நகர்த்தினார்.

அதன்பிறகு ஏழு புதன்கிழமைகள் போய்விட்டேன். ஒன்றும் வாங்காமல் உட்காருவது மரியாதையில்லை என்று முதல் நாள் பீர் வாங்கிப் பாதி குடித்தேன். இப்போதெல்லாம் லெமனேடுதான். வாளி சுற்றி வரும்போது ஐந்து டாலர் போடுகிறேன்.

போன வாரம் துவைக்கப் போட்ட சட்டையில் மருமகள் பில்லைப் பார்த்துவிட்டாள். “அத்தைக்கு இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லையே மாமா. கோயிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன்?” என்றாள். மகன் வாயே திறக்கவில்லை. இந்தப் புதன்கிழமை என்னை நூலகத்துக்கு அழைத்துப் போகவுமில்லை.

அவள் கேட்டது நியாயம்தானே? என் மனைவி சமைக்கும்போது கொடைக்கானல் பண்பலை ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி கேட்கவிடாமல் என்ன சத்தம் என்று நானே எத்தனையோ முறை அணைத்திருக்கிறேன். அந்த ரேடியோ இன்னும் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி தங்கையிடம். அப்படிப்பட்டவன் இங்கே பாரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறேன். என் மனம் கெட்டுவிட்டதா? கார்த்திகைக்குள் ஊர் திரும்ப வேண்டும்.

— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் மனம் கெடவில்லை.

பார் என்ற சொல்தான் உங்கள் வீட்டில் பாதி வேலையைச் செய்துவிட்டது. அதைக் கேட்டதும் நமக்கு டாஸ்மாக்கை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கண்ணில் வருகிறது. பிராட்வே அப்படிப்பட்ட இடமல்ல. அங்கே முற்பகலிலேயே பாட்டு தொடங்கி நள்ளிரவு தாண்டியும் ஓடும். நுழைவுக் கட்டணம் இல்லாததால் வாளியில் விழும் பணத்தை நம்பித்தான் பாடுகிறார்கள். உங்கள் ஐந்து டாலர் அங்கே கூலி. அந்தத் தெருவை ஒட்டி இருக்கும் ரைமன் அரங்கம் 1892-இல் ஜெபக் கூடமாகக் கட்டப்பட்டது. இன்றும் ரசிகர்கள் உட்காருவது தேவாலய பெஞ்சில்தான். 1925-இல் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ 1943 முதல் 1974 வரை அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அந்த ஊரை ‘கன்ட்ரி’ என்ற அமெரிக்க இசைக்குத் தலைநகராக்கியதில் பெரும்பங்கு அந்த வானொலி நிகழ்ச்சிக்கு உண்டு.

ஆம், வானொலி. நீங்கள் கடிதம் முழுக்கப் பாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் தைத்தது, கடைசியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ரேடியோதான். அணைத்தது தப்புதான், இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் ரேடியோச் சண்டை இல்லாத குடும்பம் ஏது? எங்கள் வீட்டில் அணைக்கிறவள் நான்.

நம் ஊர்ச் சாவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. ஆண்களுக்கோ பந்தல், ஐஸ் பெட்டி, வண்டி, வருகிறவர்களுக்குக் காபி. நீங்களும் அன்று அந்த வேலைகளில்தான் நின்றிருப்பீர்கள். பிறகு யாருக்கும் மாமாவாகவோ அப்பாவாகவோ இருக்க வேண்டாத ஓர் இடத்தில், மொழி பாதி புரியாத பாட்டின் நடுவே, அழுகை வந்துவிட்டது. இழவைச் சொல்லிப் பாட வெட்கப்படாத இசை அது. அதைக் கேளிக்கை என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். வருஷம் திரும்பும்வரை கல்யாணம், விசேஷங்களைத் தவிர்க்கும் வழக்கத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஊர்ப் பேச்சைவிட, இத்தனை வாரமாக நீங்கள் சொல்லாமல் போனதுதான் மருமகளைச் சுட்டிருக்கும் என்று தோன்றுகிறது. அவரிடம் வாதாட வேண்டாம். எனக்கு எழுதியதை, பாதி பீர் உட்பட, அப்படியே சொல்லுங்கள்.

மகனின் மௌனத்தைக் கோபம் என்று முடிவுகட்டாதீர்கள். அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, லீவு முடிந்ததும் விமானம் ஏறியவர் அவர். அவர் எங்கே அழுதார் என்று உங்களுக்குத் தெரியுமா? ரேடியோ விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். அவரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். முடிந்தால் ஒரு மதியம் அவரை அதே கடைக்கு அழைத்துப் போங்கள், லெமனேடு உங்கள் செலவில்.

தூக்கம், சாப்பாடு பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. விடியுமுன்பே விழிப்புத் தட்டி மறுபடி தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? இருந்தால் இன்றே மகனிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பீர் அரை டம்ளரைத் தாண்டத் தொடங்கினாலும் அப்படியே.

இன்னொன்று. அலமாரியில் இருக்கும் ரேடியோவில் பேட்டரி உள்ளேயே கிடக்கிறதா? இத்தனை மாதத்தில் கசிந்து உள்ளே அரித்துவிடும். தங்கையை இந்த வாரமே போய்க் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். புதியதை ஊருக்குப் போய் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.