தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லையா?

கேள்வி: என் மகளுக்கு 30ஆவது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, எடை 1,200 கிராம். இன்றுடன் ஒன்பது நாள். குழாய் வழியாகப் பால் கொடுக்கிறார்கள். சிரிஞ்சால் இழுத்துப் பார்க்கும்போது பழைய பால் மிச்சம் வருகிறது என்று இரண்டு வேளை நிறுத்திவிட்டார்கள். தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, பவுடர் பாலுக்கு மாற்றச் சொல்லுங்கள் என்கிறார் சம்பந்தியம்மா. மாற்றலாமா?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம், அம்மா. குறை பாலில் இல்லை. இன்னும் பத்து வாரம் கருப்பைக்குள் இருந்திருக்க வேண்டிய குடல், உணவைச் சீராகக் கீழே தள்ளும் அசைவை இப்போதுதான் பழகுகிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைவதற்கே ஏறக்குறைய 34 வாரமாகும் என்பதால்தான் குழாய் வைத்திருக்கிறார்கள்.

வயிறு உப்பாமல், குழந்தை துடிப்பாக இருக்கும்போது சிறிதளவு வெள்ளைப் பால் மிஞ்சுவது மட்டுமே பாலை நிறுத்தக் காரணமாகாது. ஒவ்வொரு வேளையும் இழுத்துப் பார்க்கும் வழக்கத்தையே பல மருத்துவமனைகள் விட்டுவிட்டன. ஆனால் பச்சையாக வாந்தி வந்தாலோ, வயிறு உப்பி இறுகினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, மூச்சு விட்டுவிட்டு நின்றாலோ, அது குடல் திசு அழுகும் கொடிய அழற்சியின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதால், பாலை நிறுத்துவதே சரி. அந்த ஆபத்தைக் கூட்டுவது பவுடர் பால், குறைப்பது தாய்ப்பால். மகளுக்குப் பால் போதவில்லை என்றால், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் உள்ளதுபோன்ற தாய்ப்பால் வங்கியிலிருந்து பெற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அளவைப் பார்த்தும் பலர் கலங்குகிறார்கள். தொடக்கத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லி என்பது வழக்கம். உங்கள் பேத்தியின் எடைக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதிகபட்சம் 2 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. அது பசியாற்ற அல்ல, குடலைப் பழக்க. மீதிச் சத்து நரம்பு வழியாகப் போகும்.

மகள் இரவிலும் விடாமல் நாளுக்கு எட்டு முறையாவது பாலைப் பீய்ச்சி எடுக்கட்டும். டாக்டர் அனுமதித்தால், குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைத் தொடங்குங்கள். தாய் களைத்தால் நீங்களோ சம்பந்தியம்மாவோ கூட அணைத்துக்கொள்ளலாம். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது.

அடுத்த முறை நிறுத்தினால், வந்த மிச்சம் என்ன நிறம், வயிறு எப்படியிருக்கிறது, மறுபடி எப்போது தொடங்குவீர்கள் என்ற மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்.