89 சதவிகிதம் எடுத்தவள் டூல் ரூமுக்குப் போகலாமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு சேரும்போது பெங்களூரு வந்தோம், லக்கெரேயில் குடியிருக்கிறோம். இந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி.யில் 89 சதவிகிதம் எடுத்திருக்கிறாள். என் தம்பி பீன்யாவில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் இயங்கும்) மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். லீவில் அங்கே போய் வந்ததிலிருந்து, டிப்ளமோ சேர்ந்து டூல் அண்ட் டை (மோல்டு, அச்சு செய்யும் தொழில்) படிக்கப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டுக்காரரோ பி.யு.சி.யில் (இங்கே அதுதான் பிளஸ் டூ) பி.சி.எம்.பி., அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எடுத்தால்தான் டாக்டர், இன்ஜினியர் இரண்டும் கையில் இருக்கும் என்கிறார். இல்லையென்றால் ஊரில் நாத்தனார் வீட்டில் விட்டு பிளஸ் டூ படிக்க வைக்கலாம், அங்கே இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லையே என்கிறார். மகளுக்கு உயிரியல் என்றாலே ஆகாது. நல்ல மார்க் எடுத்த பெண்ணை டிப்ளமோவில் விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?
— ஒரு தாய், லக்கெரே, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

நாலு பேர் கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் வருடக் கணக்கு.

பி.யு.சி. இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. டிப்ளமோ மூன்று வருடம் முடித்து, டி.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுதி பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தால் அங்கே மூன்று. அதுவும் ஆறுதான். மார்க் குறைந்த பிள்ளைகள் ஒதுங்கும் இடம் டிப்ளமோ என்ற பேச்சில் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். இப்படி நேராக இரண்டாம் வருடம் சேரும் லேட்டரல் என்ட்ரி இடங்கள் குறைவு. அப்படிச் சேர்பவர்கள் பி.யு.சி. கணிதம் படிக்காதவர்கள் என்பதால், வி.டி.யு. (மாநிலத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரிகளில் கூடுதல் கணிதப் பாடமும் எழுதித் தேற வேண்டும். பதினாறு வயதில் பிடித்த மெஷின் பதினெட்டில் கசந்துவிட்டால், டிப்ளமோவின் நடுவிலிருந்து பி.எஸ்சி., பி.காம். பக்கம் திரும்புவது சிரமம். முடிவைத் தள்ளிப்போட பி.யு.சி. இரண்டு வருடம் தரும், டிப்ளமோ தராது. உங்கள் மகளுக்கு அந்த இரண்டு வருட அவகாசம் தேவையா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாமா கடையில் அவள் பார்த்தது பாதிதான். முதலாளியின் அக்கா மகள் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, ஓடுகிற மெஷினை எல்லாரும் ஆசையாகத்தான் காட்டுவார்கள். தம்பியிடம் சொல்லி, அவருக்குத் தெரிந்த வேறொரு டூல் ரூமில், அதாவது மோல்டும் டையும் செய்யும் பட்டறையில், காலை ஷிஃப்ட் தொடங்குவதிலிருந்து முடியும்வரை அவளை நிற்க வையுங்கள். துணைக்கு நீங்களும் போங்கள். வயது காணாது, மெஷினில் கை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும்.

பாட்டில் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரும்பில் ஒரு மோல்டு செய்வார்கள், அந்த ஒன்றிலிருந்து லட்சக்கணக்கில் மூடி விழும். மோல்டின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மில்லிமீட்டரில் சில நூறில் பங்கு இடைவெளி விட்டாலும் மூடியின் விளிம்பில் பிசிறு தட்டும். அந்தப் பிசிறு வராமல் இருக்க ஒருவர் நாளெல்லாம் மைக்ரோமீட்டரில் அளப்பதும், தேய்ப்பதும், மறுபடி அளப்பதுமாக இருப்பார். கையில் கூலன்ட் வாடை, காதில் கிரைண்டர் சத்தம், மூன்று நாள் வேலை கடைசிக் கட்டில் ரிஜெக்ட் ஆவது, எல்லாம் இதில் உண்டு. மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது அந்த மோல்டைப் பற்றியே அவள் பேசிக்கொண்டு வந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கால் வலியைப் பற்றி மட்டும் பேசினால் பி.யு.சி. பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, நைட் ஷிஃப்டில் பெண்கள் உண்டா, வீடு திரும்ப வண்டி விடுகிறார்களா என்பதை நீங்கள் விசாரியுங்கள். அவளுக்குக் கேட்கத் தோன்றாது.

டூல் அண்ட் டை என்றால் ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள ஜி.டி.டி.சி.யைப் போய்ப் பாருங்கள். 1972-ல் டென்மார்க் அரசின் உதவியோடு கர்நாடக அரசு தொடங்கிய டூல் ரூம் பயிற்சி மையம், உங்கள் வீட்டிலிருந்து தூரமும் இல்லை. அங்கே இந்தப் படிப்பு மூன்று வருடம், நான்காவது வருடம் தொழிற்சாலையில் பயிற்சி. அதற்குமேல் பி.இ. என்றால் மொத்தம் ஏழு வருடம் ஆகும், அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். சாதாரண மெக்கானிக்கல் டிப்ளமோ போதும் என்றால் கே.ஆர். சர்க்கிள் பக்கம் எஸ்.ஜே. பாலிடெக்னிக் இருக்கிறது.

வீட்டுக்காரரின் பி.சி.எம்.பி. யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. உயிரியல் ஆகாத பெண் நீட் எழுதி டாக்டராகப் போவதில்லை. கர்நாடகத்தின் நுழைவுத் தேர்வான கே-சி.இ.டி.யில் இன்ஜினியரிங் ரேங்க் போடுவது இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றை வைத்துத்தான். பி.யு.சி. மார்க் பாதி, சி.இ.டி. மார்க் பாதி. நான்காவது பாடத்தின் மார்க் அதில் சேராது. பிடிக்காத உயிரியலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினால், கணிதத்துக்கு வேண்டிய நேரம்தான் போகும். பி.யு.சி. என்று முடிவானால் நான்காவதாக எலக்ட்ரானிக்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடுக்கட்டும். மொழிப்பாடமாகத் தமிழையும் எடுக்க வழி உண்டு, கல்லூரியில் ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கோச்சிங்கையும் சேர்த்துக் கட்டி லட்சங்களில் ஃபீஸ் கேட்கும் ‘இன்டக்ரேட்டட்’ கல்லூரிகள் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இன்ஜினியரிங் இடம் கிடைக்கும், உண்மை. ஆனால் கர்நாடக கோட்டாவில் இடம் கேட்கும் பிள்ளை, முதன்மையான விதிப்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. வரைக்குள் ஏழு வருடமாவது இங்கே படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்திலிருந்து பத்துவரை ஆறு வருடம் ஆகியிருக்கிறது. இப்போது ஊருக்கு அனுப்பினால் ஒரே ஒரு வருடத்தில் அந்த உரிமை கைநழுவும். அந்தப் பக்கமோ, எட்டிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் நேட்டிவிட்டி சர்டிபிகேட் காட்ட வேண்டும். ஊரில் ரேஷன் கார்டும் இல்லாமல், வீடும் கைமாறிப் போயிருந்தால் அதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். இங்கேயே படிக்கட்டும்.

நாலு பேர் கேட்டால் ‘இன்ஜினியரிங்தான், வேறு வழியாகப் போகிறாள்’ என்று சொல்லுங்கள். பொய்யில்லையே.

இன்னொன்று. மார்க்ஸ் கார்டு, டி.சி. ஒரிஜினல்களை இடம் உறுதியாகும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள். ‘சீட்டைப் பிடித்து வைக்கிறோம், ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று சில கல்லூரிகளில் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் மனம் மாறும்போது திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். டிப்ளமோ, பி.யு.சி. இரண்டுக்கும் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டு வையுங்கள்.