அப்பாவின் லூமியா 535: எண்களை எப்படி மீட்பது?

மன்னார்குடி நண்பரே, அப்பாவின் லூமியாவில் வாட்ஸ்அப் திறக்கவில்லை, அறுவடை வண்டிக்காரர்கள் எண்ணெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். போனில் பழுதில்லை. லூமியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மென்பொருளில் ஓடும் போன், அந்த விண்டோஸ் போனுக்கான வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது.

அப்பா மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால் எண்கள் பெரும்பாலும் அவர்களின் மின்னஞ்சல் சேவையான அவுட்லுக்கில் ஏறியிருக்கும். கணினியில் அதே கணக்கில் நுழைந்து, தொடர்புகளைக் கோப்பாக இறக்கி, கூகுள் தொடர்புகளில் ஏற்றுங்கள். படங்களுக்கு யுஎஸ்பி கேபிள் போதும். பழைய வாட்ஸ்அப் பேச்சுகளை மறந்துவிடுங்கள்.

"நல்ல போன், ஏன் இப்படி ஆச்சு?" என்றும் கேட்டிருந்தீர்கள். நல்லதுதான், மலிவு போனிலும் விண்டோஸ் தடங்கலில்லாமல் ஓடியது. ஆனால் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை: செயலிகள் வரவில்லை, அதனால் ஆட்களும் வரவில்லை. 2012-இல் விண்டோஸ் போன் 7-ஆம் பதிப்பில் ஓடிய போன்களுக்குப் புதிய 8-ஆம் பதிப்பு கிடையாது என்றார்கள். நம்பி வாங்கியவர்களே கசந்தார்கள் (எனக்கு இதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது). லூமியாவைச் செய்துவந்த நோக்கியாவின் போன் பிரிவை 2014-இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், மறு வருடமே சுமார் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

சரி, எண்கள் கைக்கு வரும்வரை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு வழி பார்க்கலாம்.