அம்பாசிடருக்கு இன்ஜின் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களிடம் அப்பா காலத்து 1972 அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. வீடு அஸ்தம்பட்டியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு வருவதுதான் அந்த வண்டிக்கு இப்போது இருக்கும் ஒரே வேலை. மலை ஏறும்போது புகை இல்லை. இறங்கி அடிவாரம் வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலமாக ஒரு புகை கிளம்பி அடங்கிவிடுகிறது. தனியாக வாங்கி மாட்டிய ஆயில் பிரஷர் மீட்டரில் காலையில் 60 பவுண்டு காட்டுகிற முள், மேலே ஏரிக்கரையில் சூட்டோடு ஐட்லிங்கில் விட்டால் 10க்குக் கீழே போகிறது. மெக்கானிக் ஃபுல் இன்ஜின் வேலை பார்க்க வேண்டும் என்கிறார். "போர் அடிச்சு, அதான் சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் குடைஞ்சு, நாப்பது சைஸ் பிஸ்டன் போட்டுடுங்க, பவர் தூக்கும்" என்கிறார் ஒரு நண்பர். "டீசல் இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாம்" என்கிறார் இன்னொருவர். வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டதால் விண்டேஜ் பதிவு வாங்கலாமா என்றும் ஒரு யோசனை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கு., சேலம்

அன்புள்ள கு.,

புகை எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கே ஒரு நன்றி. "வண்டி புகை தள்ளுது" என்று மட்டும் எழுதுபவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இருபது கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியரில், காலை எடுத்துவிட்டு இறங்குகிறீர்கள். கார்புரேட்டர் மூடியிருக்கிறது, சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது இன்டேக் பக்கம் பலமாக உறிஞ்சும். வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்து, சீலும் காய்ந்து போயிருந்தால் மேலே இருக்கும் ஆயில் அந்த இடுக்கு வழியாக இறங்கிச் சேரும். அடிவாரத்தில் மிதித்ததும் அது மொத்தமாக எரியும். பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போயிருந்தால் கதை வேறு. லோடு விழுகிற ஏற்றத்தில்தான் புகை தொடர்ச்சியாக வரும். உங்களுக்கு ஏற்றத்தில் புகை இல்லை. ஆகவே என் சந்தேகம் முதலில் வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட் மேல்தான்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு காசு செலவழிக்க வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொரு முறை. ஆயில் விட்டதும் எண் நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாமல் குறைவாகவே நின்றால் வால்வு. நான்கும் ஒரே மாதிரி, முதல் முறையே நன்றாக இருந்தால் போரைத் தொடவே வேண்டாம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் "ஃபுல் இன்ஜின்" என்று சொல்லும் மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நான் வண்டியை விடமாட்டேன்.

ஆயில் முள் தனிப் பிரச்சினை, புகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. இன்றைய கார்களுக்கான தண்ணீர் மாதிரி ஆயில் என்றால் முதலில் 20W-50 என்ற கெட்டியான ரகத்துக்கு மாறுங்கள். மீட்டர் சரியா என்று வேறொரு மீட்டர் வைத்தும் பாருங்கள். சூடான பிறகு டாப் கியரில் ஓடும்போது 50 பவுண்டை ஒட்டி நின்றால், ஐட்லிங்கில் சரிவதற்காக உடனே பயப்பட மாட்டேன். ஓடும்போதும் சரிந்தால் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றி ஒரு மெயின் பேரிங், பிஸ்டனின் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் ஒரு பிக் எண்ட் பேரிங் இறக்கிப் பார்க்க வேண்டும். பேரிங்கின் வெள்ளைப் பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தால் பேச்சே இல்லை. கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டை) இறக்கி அளந்து, தேவைப்பட்டால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடத்தான் வேண்டும். இந்த இன்ஜினில் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அதில் கஞ்சத்தனம் கூடாது.

இனி அந்த நாற்பது சைஸ். உங்கள் இன்ஜினின் போர் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88.9, மொத்தம் 1,489 சிசி. நாற்பது சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, அதாவது சுமார் ஒரு மில்லிமீட்டர். அப்படிக் குடைந்தாலும் கிடைப்பது ஏறக்குறைய 1,531 சிசி. நூற்றுக்கு மூன்று கூட இல்லை. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து போவதால் மட்டுமே சுமார் 15 சதவீதம் பவர் குறைகிறது, இதில் மூன்று எங்கே தெரியப்போகிறது? பதிலுக்கு நீங்கள் இழப்பது அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்க வேண்டிய இரும்பை. போர் அடித்தே ஆக வேண்டும் என்றால் பத்திலோ இருபதிலோ சுத்தமாகிறதா என்று பாருங்கள். ஹெட் கழன்றதும் நீங்களே சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். படி மாதிரி நகத்தில் தட்டும் இடம்தான் டாப் ரிங் ஏறி நிற்கும் எல்லை. படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தேய்மானம். அதன் பிறகு லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று அளந்து சீட்டில் எழுதி வாங்குங்கள். லாரி ஊரில் இருக்கிறீர்கள், அளக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அளந்தபின் பிஸ்டன் வாங்கி, பிஸ்டனைக் கையில் கொடுத்துப் போர் அடிக்கச் சொல்லுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது. போரை அடித்து வைத்துவிட்டு அந்த சைஸ் பிஸ்டனுக்குப் புதுப்பேட்டையிலும் கொல்கத்தாவிலும் ஆள் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் ஹெட்டும் தண்ணீர் ஓடும் வழியும்தான். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ஒரே வாய் வழியாக வெளியேறும். சூடெல்லாம் நடுவில் சேரும், விரிசலும் அங்கே வால்வு உட்காரும் சீட் பக்கம்தான் விடும். ஹெட்டைக் கழுவி, விரிசல் பார்த்து, பிறகு கைடு, சீல் மாற்றி, எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் ரிங் அடியுங்கள். 1972இல் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு சீட்டைக் காத்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. உங்கள் ஹெட்டில் இதற்குள் யாராவது சீட் ரிங் அடித்திருக்கலாம், பார்த்தால் தெரியும்.

சேலத்து போர்வெல் தண்ணீரை எத்தனை வருடம் ரேடியேட்டரில் ஊற்றினீர்கள்? பதில் எனக்கு வேண்டாம், இன்ஜினின் பின்பக்கம் நான்காவது சிலிண்டரைச் சுற்றி உறைந்திருக்கும் சேறு சொல்லும். பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து அந்தச் சேற்றைக் கம்பியால் குத்தி வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டரையும் பிரித்து ஒவ்வொரு குழாயும் சுத்தம் செய்யப்பட வேண்டும். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், எதிர்க்காற்று இல்லை, ஃபேன் இழுப்பதுதான் காற்று.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அதைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். மேலே நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாத வியாதிக்குப் பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் இன்றைக்கும் பலிக்கிறது. ஏற்காட்டில் பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் அங்கே வைத்து கார்புரேட்டரைத் திருகாதீர்கள். மெலிந்த காற்றில் அது அப்படித்தான் இருக்கும். அங்கே குறைத்து வைத்தால் கீழே சேலத்து வெயிலில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் காயும்.

டீசல் வேண்டாம். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். மேலும் இந்த வண்டியின் அழகே நீண்ட ஸ்ட்ரோக்கில் அவசரமில்லாமல் இழுப்பது. விண்டேஜ் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. 2021 விதிப்படி அந்தப் பதிவு எடுத்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அதில் வராது. சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு மலை வேண்டாம். ஆத்தூர் பக்கம் சமவெளியில், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல் ஓட்டுங்கள். பிறகு ஆயில் மாற்றி, ஹெட் நட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் எண்கள் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை எந்த சைஸிலும் பிஸ்டன் வாங்க வேண்டாம்.